த்ரீவ்: தனித்து நிற்கும்படி ஆக்கப்பட்ட வீடு

ஸ்காட்லாந்துக் கோட்டைகளின் படங்களைப் புரட்டுகிறவர்கள் த்ரீவைத் தாண்டிப் போக முடியாது. ஆற்றின் நடுவே தட்டையான பச்சைத் தீவு. அதன் மேல் கூரை இல்லாத சாம்பல் நிறக் கோபுரம். படத்துக்குக் கீழே எழுதுவதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: தனிமை, இருட்டு, கொடூரம். கட்டியவருடைய பட்டப்பெயரும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. கடுமுகத்து ஆர்ச்சிபால்ட்.

நேரில் போய்ப் பார்த்து, அந்த மண்ணைத் தோண்டியவர்கள் கண்டதையும் படித்த பிறகு, அந்தத் தனிமையை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. த்ரீவ் தனியாகக் கட்டப்பட்டதல்ல. முதல் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது ஆட்களும் பேச்சும் புகையும் நிறைந்த ஒரு பெரிய குடும்பத்தின் வீடு. அதைச் சுற்றியிருந்த கட்டடங்களை இடித்து அதைத் தனிமரமாக்கியவர்கள் எதிரிகள் இல்லை, சொந்தக்காரர்களே. காரணம் பயம். இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியதுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கேலோவே. மேய்ச்சல் நிலமும் குன்றுகளும் நிறைந்த பகுதி, சுற்றுலாக் கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத பகுதி. அங்கே காசில் டக்ளஸ் என்ற சிறிய ஊர். பெயரைக் கேட்டால் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்று தோன்றும். உண்மையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நிலத்தை வாங்கிய வில்லியம் டக்ளஸ் என்ற வணிகர் வைத்த பெயர் அது. ஊருக்கு மேற்கே, டீ என்ற ஆற்றின் நடுவில் த்ரீவ் தீவு. ஒரு பண்ணையில் வண்டியை நிறுத்திவிட்டு வயல் ஓரமாக நடக்க வேண்டும். கரைக்கு வந்ததும் அங்கே ஒரு பித்தளை மணி தொங்கும். அதை அடித்தால் அக்கரையிலிருந்து சின்னப் படகு வரும். பாலம் இன்றும் கிடையாது.

நான் போன அன்று காற்று பலமாக அடித்தது. படகு தீவை நெருங்க நெருங்கக் கோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தூரத்தில் பார்த்தபோது ஒல்லியாகத் தெரிந்தது, அருகில் வந்தபோது அகன்று கனத்து நின்றது. சுமார் 18 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 3 மீட்டர் தடிமனுள்ள சுவர்கள், ஐந்து தளங்கள். இத்தனை கல்லும் ஆற்றைக் கடந்து இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

கட்டியவர் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ். இங்கிலாந்துக்கு எதிரான சுதந்திரப் போர்களை நடத்திய ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் வலது கையாக இருந்த சர் ஜேம்ஸ் டக்ளஸின் மகன். ஆனால் முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறந்தவர் அல்ல. சொத்தோ பட்டமோ தானாக வந்து சேராத பிறப்பு. எல்லாவற்றையும் வாளால் சம்பாதித்தார். 1356இல் பிரான்சில் நடந்த புவாத்தியே போரில் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டையிட்டுப் பிடிபட்டார். அப்போது நடந்ததாகப் பழைய வரலாற்று ஏடுகள் ஒரு கதை சொல்கின்றன. அவர் விலை உயர்ந்த கவசம் அணிந்திருந்தார். கூடப் பிடிபட்ட வில்லியம் ராம்சே என்ற ஸ்காட்டிஷ் வீரர் அவரை ஒரு வேலைக்காரனைப் போலத் திட்டி, எஜமானின் கவசத்தைத் திருடி மாட்டிக்கொண்டாயா என்று அடித்து, தன் காலணியைக் கழற்றச் சொன்னாராம். ஆங்கிலேயர்கள் நம்பிவிட்டார்கள். பெரும் பிணைத்தொகை கேட்டிருக்க வேண்டிய ஒரு பிரபுவை அற்பப் பணத்துக்கு விட்டுவிட்டார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அவர் ஊர் திரும்பியது உண்மை. 1360களில் எடின்பரோ கோட்டையின் காவல் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1369இல் மன்னர் இரண்டாம் டேவிட் கிழக்குக் கேலோவே முழுவதையும் அவருக்குக் கொடுத்தார்.

அது பரிசு போலத் தோன்றினாலும் உண்மையில் பெரிய வேலை. கேலோவே எளிதில் யாருக்கும் அடங்கும் நாடு இல்லை. அங்கிருந்தவர்கள் கேலிக் மொழி பேசினார்கள், தங்களுக்கென்று சட்டம் வைத்திருந்தார்கள், சுதந்திரப் போர்களின்போது பல குடும்பங்கள் புரூஸுக்கு எதிராகவே நின்றன. வெளியிலிருந்து வந்த ஒருவர் அங்கே பிரபுவாக உட்கார வேண்டுமென்றால், தான் இங்கே தங்க வந்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் கண்ணால் தெரியும்படி காட்ட வேண்டும். த்ரீவ் அந்த அறிவிப்பு.

கோபுர வீடு என்ற இந்த வகைக் கட்டடம் அப்போது ஸ்காட்லாந்துக்குப் புதிது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் பெரிய கோட்டைகள் பரந்து விரிந்தவை. நீண்ட மதில், மூலைக்கு மூலை வட்டக் கோபுரம், உள்ளே பல கட்டடங்கள். சுதந்திரப் போர்களில் அவற்றின் பலவீனம் தெரிந்துபோயிற்று. எதிரி ஒரு கோட்டையைப் பிடித்தால் அதை வைத்தே அந்த வட்டாரத்தை அடக்க முடிந்தது. அதனால்தான் புரூஸ் தான் மீட்ட கோட்டைகளைத் தானே இடிக்கச் செய்தார். போர் ஓய்ந்து மறுபடி கட்டத் தொடங்கியபோது கட்டடத்தின் யோசனையே மாறியிருந்தது. தரையில் பரப்பி வைத்திருந்த வீட்டை அறை மேல் அறையாக அடுக்கி, தடித்த ஒரே சுவருக்குள் வைத்தார்கள். காவலுக்குக் குறைந்த ஆட்கள் போதும், பூட்டுவதற்கு ஒரே கதவு. எடின்பரோ கோட்டையில் மன்னர் டேவிட் 1368இல் தனக்கென ஒரு பெரிய கோபுரம் கட்டத் தொடங்கினார். அந்தக் கோட்டையின் காவலராக இருந்த ஆர்ச்சிபால்ட் அந்த வேலை நடந்ததை அறியாமல் இருந்திருக்க மாட்டார். அரசனின் கோபுரம் 1573 முற்றுகையில் நொறுங்கிப்போயிற்று. அதே தலைமுறையில் எழுந்த த்ரீவ் நின்றுவிட்டது. ஸ்காட்லாந்தில் இன்று நாம் பார்க்கக் கிடைக்கும் மிகப் பழைய கோபுர வீடுகளில் இது ஒன்று.

உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது, இங்கே கதவு தரைமட்டத்தில் இல்லை என்பது. பழைய நுழைவாயில் ஒரு தளம் மேலே, கிழக்குச் சுவரில் இருக்கிறது. அதற்குப் போவதற்கு மரப்பாலம் இருந்தது. ஆபத்து என்றால் பாலத்தை எடுத்துவிடலாம். வெளியே நிற்பவர்களுக்கு வழவழப்பான சுவர்தான் மிஞ்சும்.

அந்தக் கதவு திறப்பது நேராக அடுக்களைக்குள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இத்தனை பெரிய பிரபுவின் கோட்டைக்குள் வருகிறவர் முதலில் காண்பது சிம்மாசனக் கூடத்தையோ ஆயுத அறையையோ அல்ல, அடுப்பை. சுவரோடு அமைந்த பெரிய கணப்பு, பாத்திரம் கழுவக் கல்லில் குடைந்த தொட்டி. அடுக்களையின் தரை மரப்பலகை. இப்போது அது இல்லை. அதற்குக் கீழே சரக்கறை, அங்கேயே கிணறு. கீழ்த்தளமும் அடுக்களையும் சேர்ந்து ஒரே கல் வளைவுக்குள் அடங்குகின்றன. நெருப்பு அடுக்களையில் பிடித்தாலும் அந்தக் கல் வளைவைத் தாண்டி மேலே போகாது. சுற்றிலும் ஆறு ஓடும் தீவில் வீட்டுக்குள் எதற்குக் கிணறு என்று கேட்கலாம். ஆறு முழுவதும் எதிரியின் கையில் இருக்கும் ஒரு நாளுக்காகத்தான் அந்தக் கிணறு.

அதே கீழ்த்தளத்தின் ஒரு மூலையில் சிறை. கதவு இல்லை. மேலே ஒரு திறப்பு, அதன் வழியாக ஆளை இறக்கிவிடுவார்கள். கிணறும் மாவு மூட்டையும் சிறைக்குழியும் பக்கத்துப் பக்கத்தில். நீதி வழங்கும் அதிகாரம் பிரபுவின் கையில் இருந்த காலத்தில் சிறையும் ஒரு வீட்டு அறைதான். எனக்கு அது ஏற்பில்லை. ஆனால் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது அந்தக் காலத்தின் ஏற்பாடு எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது.

மூலையில் சுவருக்குள்ளேயே சுழன்று ஏறும் படிக்கட்டு. அது போய்ச் சேரும் இடம் கூடம். இந்த வீட்டின் அழகெல்லாம் இங்கே இருக்கிறது. பெரிய கணப்பு, அகலமான ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னல் குழிக்குள்ளும் எதிரெதிரே கல் இருக்கைகள். சுவர் அவ்வளவு தடித்திருப்பதால் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு சின்ன அறை போலவே இருக்கிறது. நான் அந்த இருக்கை ஒன்றைக் குனிந்து பார்த்தேன். விளிம்பு மழுங்கி, நடுப்பகுதி சற்று வழவழவென்று தேய்ந்திருந்தது. மழை தேய்த்ததா, மனிதர்கள் தேய்த்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் பகல் வெளிச்சத்தில் தையல் வேலை செய்யவும், கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவும், ஆற்றில் வரும் படகை யார் என்று பார்க்கவும் இதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இருந்திருக்காது.

கூடத்துக்கு மேலே பிரபுவின் தனியறைகள், அங்கும் கணப்பு உண்டு. அதற்கும் மேலே கடைசித் தளம். அங்கே கணப்பு கிடையாது. காவலர்கள் படுத்திருந்த இடம் என்கிறார்கள். கேலோவேயின் குளிர்காலத்தில் அங்கே படுத்தவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. வெளிச்சுவரின் உச்சியில் மூன்று பக்கமும் வரிசை வரிசையாகச் சதுரத் துளைகள் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் புறாக்கூண்டு போல இருக்கும். அவை உத்தரம் செருகும் துளைகள். ஆபத்துக் காலத்தில் அந்த உத்தரங்களின் மேல் சுவருக்கு வெளியே மரத் தாழ்வாரம் அமைத்து, அதில் நின்று கீழே வருகிறவர்கள் மேல் கல்லை உருட்டிவிடலாம்.

நுழைவாயிலுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கல்லைக் காட்டி, அதுதான் தூக்குக்கல், அதில் எப்போதும் ஒரு பிணம் தொங்கிக்கொண்டே இருக்கும் என்று கதை சொல்வார்கள். டக்ளஸ்கள் பெருமையோடு சொன்னதாகவே அந்தக் கதை வழங்குகிறது. என் கணிப்பில் அது மேலிருந்து கல்லெறியும் அமைப்பைத் தாங்கிய கல்லாக இருப்பதே பொருத்தம். பயங்கரக் கதைகள் இந்தக் கோபுரத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்கின்றன. தனியாக நிற்கும் கட்டடத்துக்கு அப்படித்தான் ஆகும்.

சரி, அந்தத் தனிமைக்கு வருகிறேன். 1974 முதல் 1978 வரை இந்தத் தீவில் அகழாய்வு நடந்தது. கோபுரத்துக்குப் பக்கத்தில், இன்று வெறும் புல்தரையாகத் தெரியும் இடத்தில், இரண்டு பெரிய கட்டடங்களின் அடித்தளங்கள் வெளிவந்தன. ஒன்று பெரிய கூடமாகவும் மற்றது தேவாலயமாகவும் இருந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். ஆற்றோரத்தில் படகுத்துறை ஒன்றும் கிடைத்தது. ஈரச் சேற்றுக்குள் புதைந்துகிடந்ததால் மரக் கிண்ணங்களும் தோல் காலணிகளும்கூட மக்காமல் இருந்தன. கல்லும் இரும்பும் மட்டும் மிஞ்சும் இடங்களில் இந்த மாதிரிப் பொருள்கள் கிடைப்பது அபூர்வம்.

இதைப் படித்த பிறகு கோபுரம் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. உள்ளேயே ஒரு கூடம் இருக்கும்போது வெளியே இன்னொன்று எதற்கு? உள்ளே இருந்தது குடும்பத்துக்கும் நெருங்கிய விருந்தாளிகளுக்கும். வெளியே இருந்தது ஊருக்கு. வழக்கு விசாரிக்க, குத்தகைக் கணக்குப் பார்க்க, நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சோறு போட வெளிக் கூடம் வேண்டும். ஒரு பிரபுவின் செல்வாக்கு அவர் பந்தியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதில்தான் தெரிந்தது. கடுமுகத்து ஆர்ச்சிபால்ட் அங்கே வெறும் போர்வீரராக வாழவில்லை. 1388இல் ஆட்டர்பர்ன் போரில் டக்ளஸ் குலத்தின் தலைவர் வாரிசு இல்லாமல் இறந்தபோது, முறையாகப் பிறக்காத இவரே மூன்றாம் ஏர்லாகப் பட்டத்துக்கு வந்தார். ஏர்ல் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம். ஸ்காட்லாந்தில் அரசனுக்கு அடுத்தபடியான மனிதர் என்று சொல்லலாம். 1400ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் இந்த வீட்டிலேயே இறந்தார். அந்தக் காலத்தில் போர்வீரனுக்குத் தன் வீட்டில், வயது முதிர்ந்து சாவது பெரிய பாக்கியம்.

அவருக்குப் பின் இந்த வீட்டில் நீண்ட காலம் வாழ்ந்தவர் ஒரு பெண். அவரைப் பற்றிப் பேசாமல் த்ரீவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறேன். மன்னர் மூன்றாம் ராபர்ட்டின் மகள், இளவரசி மார்கரெட். ஆர்ச்சிபால்டின் மகனான நான்காம் ஏர்லை மணந்தவர். அந்தக் கணவர் 1424இல் பிரான்சில் வெர்னே போர்க்களத்தில் மாண்டார். அதன் பின் மார்கரெட் கேலோவேயின் சீமாட்டியாக இங்கிருந்தபடி அந்தப் பகுதியை நிர்வகித்தார். தன்னுடைய பெயரில் சாசனங்கள் வழங்கினார். ஜன்னல் குழிக் கல் இருக்கைகளில் என் கற்பனை உட்கார வைப்பது இவரைத்தான். டம்ஃப்ரீஸ் அருகே லிங்க்ளூடன் தேவாலயத்தில் இவருடைய கல்லறை இருக்கிறது. கேலோவே போகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்காட்டிஷ் கல் செதுக்கு வேலையில் அதற்கு இணை சொல்வது கடினம்.

அப்புறம் 1440. மன்னர் இரண்டாம் ஜேம்சுக்கு அப்போது பத்து வயது. அவர் பெயரில் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள், ஆறாம் ஏர்ல் வில்லியம் டக்ளஸையும் அவர் தம்பி டேவிட்டையும் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைத்தார்கள். இருவரும் மீசை அரும்பும் வயதுப் பையன்கள். விருந்து முடிந்ததும் அவசரமாக ஒரு விசாரணை நடத்தி இருவரையும் தலை துண்டித்தார்கள். மேசை மேல் கறுப்புக் காளையின் தலையைக் கொண்டுவந்து வைத்ததுதான் சாவின் அறிவிப்பு என்று சொல்வது பிற்காலத்தில் சேர்ந்த அலங்காரம். கொலைக்கு அலங்காரம் தேவையே இல்லை. அந்தப் பையன்கள் செத்ததால் பட்டம் போய்ச் சேர்ந்தது அவர்களுடைய சொந்தத் தாத்தாவின் தம்பிக்கு. அவருக்கும் இதில் பங்கிருந்திருக்கும் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. கொல்லப்பட்ட பையன்களின் தங்கைக்கும் மார்கரெட் என்றே பெயர். கேலோவேயின் அழகி என்று பிற்காலம் அழைத்தது. சொத்து பிரிந்துவிடக் கூடாது என்று, சிறுமியாக இருந்த அவளை அந்தத் தாத்தாவின் தம்பி மகனுக்கே கட்டி வைத்தார்கள். அவன்தான் எட்டாம் ஏர்ல் வில்லியம்.

அந்த வில்லியம் காலத்தில்தான் த்ரீவ் மாறியது. 1447ஆம் ஆண்டு வாக்கில் கோபுரத்தைச் சுற்றி ஒரு புதிய அரண் எழுந்தது. வழக்கமான மதில் இல்லை, பீரங்கிக் காலத்துக்கென்றே யோசித்துக் கட்டியது. கிழக்கிலும் தெற்கிலும் வெளிப்பக்கம் சரிவான சுவர், மூலைகளில் வட்டமான சிறு கோபுரங்கள், வெளியே பாறையில் வெட்டிய அகழி. பிரிட்டனில் துப்பாக்கி மருந்தை மனதில் வைத்துக் கட்டிய மிக முந்தைய அரண்களில் இதுவும் ஒன்று. இதற்கு இடமும் கல்லும் வேண்டியிருந்தது. எதிரி ஒளிந்துகொள்ள மறைவிடம் இருக்கவும் கூடாது. அதற்காகத்தான் பெரிய கூடத்தையும் தேவாலயத்தையும் இடித்தார்கள் என்று அகழாய்வு காட்டுகிறது. விருந்து நடந்த கூடத்தின் கற்களும் ஜெபம் நடந்த இடத்தின் கற்களும் பீரங்கி அரணுக்குள் போயிருக்க வேண்டும்.

மூன்று மூலைக் கோபுரங்களில் தென்கிழக்கில் இருப்பது மட்டும் ஓரளவு முழுமையாக நிற்கிறது. அதற்குள் போய்ச் சுவரிலுள்ள துளைகளைப் பார்த்தேன். கீழே உள்ளவை தலைகீழ்ச் சாவித்துளை போல: அடியில் வட்டம், அதிலிருந்து மேல்நோக்கி ஒரு நீண்ட பிளவு. வட்டத்தில் சின்னத் துப்பாக்கியின் வாயை வைத்துச் சுடலாம், பிளவு வழியாகக் குறி பார்க்கலாம். மேல் தளத்தில் பிளவின் இரண்டு முனையிலும் வட்டம். மதில் நெடுகிலும் அம்பு விட ஒல்லியான பிளவுகள். கட்டியவர் புதிய ஆயுதத்தையும் விடாமல் பழைய வில்லையும் விடாமல் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறார். ஒரு பிளவில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஆறும் அக்கரை வயலும் ஒரு கோடாகத் தெரிகின்றன. இந்த அரண் எழுவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுக்கு முன்னால் கூடத்து ஜன்னல் வழியாக இதே ஆற்றை எவ்வளவு அகலமாகப் பார்த்திருப்பார்கள்! அந்த இரண்டு திறப்புகளுக்கு நடுவில்தான் இந்தக் குடும்பத்தின் முழுக் கதையும் இருக்கிறது.

பயம் வீண் பயமில்லை என்பது ஐந்தே ஆண்டில் தெரிந்தது. 1452 பிப்ரவரியில் மன்னர் ஜேம்ஸ், பாதுகாப்பு உறுதி கொடுத்து வில்லியமை ஸ்டர்லிங் கோட்டைக்கு அழைத்தார். மற்ற பிரபுக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை முறிக்கச் சொன்னார். வில்லியம் மறுத்தார். இருபத்தொரு வயது மன்னர் தன் கையாலேயே கத்தியை எடுத்துக் குத்தினார், சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை பீரங்கித் துளைகளும் அகழியும் இங்கே காத்திருக்க, சாவு அங்கே விருந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தது. இரண்டு தலைமுறையிலும் டக்ளஸ்கள் செத்தது அரசனின் வீட்டில், அழைப்பை நம்பிப் போய்.

அடுத்த ஏர்ல் ஜேம்ஸ், அண்ணன் மனைவி மார்கரெட்டையே மணந்துகொண்டார். 1455இல் போர் முற்றி, மே மாதம் ஆர்க்கின்ஹோமில் டக்ளஸ் படை சிதறியது. ஏர்ல் ஜேம்ஸ் அதற்குள் இங்கிலாந்துக்கு ஓடியிருந்தார். அவர்களிடம் கடைசியாக மிஞ்சியது த்ரீவ். கோடையில் மன்னரின் படை தீவை வளைத்தது. மன்னர் நேரில் வந்து டங்லாண்ட் மடத்தில் தங்கினார். பெரிய பீரங்கி ஒன்றை லின்லித்கோவிலிருந்து இழுத்து வந்தார்கள். அந்தக் காலத்துச் சாலைகளில் அந்த எடையை இழுத்து வந்த மாடுகளும் மனிதர்களும் என்ன பாடுபட்டிருப்பார்கள்! இரண்டு மாதத்துக்கு மேல் த்ரீவ் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தது சுவர் இடிந்ததால் அல்ல. அவர்களுக்குப் பணமும் சலுகையும் கிடைத்தன, அரச கணக்கு ஏடுகளில் அதற்குத் தடயம் இருக்கிறது. 1447இன் அரண் தன் வேலையைச் செய்தது. பிரபு இல்லாத வீட்டுக்காகச் சாக யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே உள்ளூர்க் கதை ஒன்று உண்டு. கார்லிங்வார்க்கைச் சேர்ந்த ஒரு கொல்லரும் அவருடைய ஏழு மகன்களும் மன்னருக்காகப் பக்கத்திலேயே மான்ஸ் மெக் என்ற மாபெரும் பீரங்கியை வார்த்துக் கொடுத்தார்களாம். அதன் குண்டு கோபுரத்துக்குள் புகுந்து, மது அருந்தக் கிண்ணத்தைத் தூக்கிய அழகி மார்கரெட்டின் கையைத் துண்டாக்கியதாம். மான்ஸ் மெக் இன்றும் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. ஆனால் அது 1449இல் இன்றைய பெல்ஜியத்தின் மான்ஸ் நகரில் செய்தது. பர்கண்டி கோமகன் பிலிப் ஸ்காட்லாந்து மன்னருக்கு அனுப்பியது 1457இல், த்ரீவ் முற்றுகை முடிந்து இரண்டு ஆண்டு கழித்து. மார்கரெட்டோ பிறகு மன்னரோடு சமாதானமாகி, அவருடைய தாய்க்கு வேறு கணவர் மூலம் பிறந்த தம்பியை மணந்து வாழ்ந்தார். உண்மையில் அந்தப் பெண் பட்டது, அண்ணன்களை இழந்தது, சொத்துக்காக இரண்டு முறை கட்டிவைக்கப்பட்டது எல்லாம் அந்த வெட்டுண்ட கைக் கதையைவிடக் கனமானவை. பீரங்கிகள் மேல் தீராத ஆசை கொண்ட மன்னர் ஜேம்ஸ், 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் தன் பக்கத்துப் பீரங்கி வெடித்துச் செத்தார்.

அதன் பின் த்ரீவின் கதை வேகமாகச் சொல்லிவிடக்கூடியது. அரசுடைமை ஆயிற்று, 16ஆம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல் குடும்பம் பரம்பரைக் காவலர்களாக வந்தது. 1640இல் அந்தக் குடும்பத்தின் நித்ஸ்டேல் பிரபு மன்னர் முதலாம் சார்லசின் பக்கம் நின்றதால், மதச் சீர்திருத்தம் காக்கப் பிரமாணம் செய்த உடன்படிக்கையாளர்களின் படை த்ரீவை முற்றுகையிட்டது. பதின்மூன்று வாரம். அப்போதும் சுவர் விழவில்லை. உடன்பாடு பேசித்தான் வெளியே வந்தார்கள். வட்டாரப் போர்க் குழு உடனே உத்தரவு போட்டது: கல் ஓட்டுக் கூரையை இறக்கு, மரத் தளங்களைப் பிரி, கதவு ஜன்னல்களைக் கழற்று, இரும்பை எடு. சண்டை கெடுக்காத வீட்டைக் கூலியாட்கள் கெடுத்தார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் வெற்று உள்கூடு அந்த உத்தரவின் விளைவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியனோடு நடந்த போரின்போது, கொஞ்ச காலம் பிரெஞ்சுக் கைதிகளுக்கான இடமாக இதைப் பயன்படுத்தினார்கள். 1913இல் அரசின் பராமரிப்புக்கு வந்தது.

இப்போது தீவைச் சுற்றி, ஸ்காட்லாந்தின் பாரம்பரியத்தைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இயற்கைப் புகலிடம் இருக்கிறது. அருகிலேயே விராலடிப்பான் கழுகுகள் கூடு கட்டுகின்றன. நான் போனபோது அவற்றைப் பார்க்கவே வந்திருந்தவர்கள் கோட்டைக்கு வந்தவர்களைவிட அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் படகிலிருந்து இறங்கியதும் நேராகக் கோபுரத்துக்குள் ஓடுகிறார்கள், மூன்று தளம் பார்க்கிறார்கள், தூக்குக்கல்லைப் படமெடுக்கிறார்கள், அடுத்த படகில் திரும்பிவிடுகிறார்கள்.

நீங்கள் போனால் வேறு வரிசையில் பாருங்கள். முதலில் மதிலுக்கு வெளியே கிழக்குப் பக்கப் புல்தரையில் நடங்கள். கூடமும் தேவாலயமும் அங்கேதான் எழுந்திருந்தன. அடுத்து ஆற்றோரப் படகுத்துறை. பிறகு தென்கிழக்கு மூலைக் கோபுரத்தின் துளைகள். அதற்கப்புறம் உள்ளே போய் அடுக்களை, கூடம் என்று ஏறுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் படகு ஓடும், கடைசிப் படகின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலணி நல்லதாக இருக்கட்டும். வயல் பாதை மழையில் சேறாகிவிடும்.